குழப்படிக்கு ஏழு வருடம்: 'ஹூலிகன்' என்ற சொல்லின் ரஷ்யக் கதை

2012 ஓகஸ்ட் 17ஆம் திகதி மொஸ்கோவில் ஒரு நீதிமன்றம் மூன்று இளம் பெண்களுக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதித்தது. மூவரும் 'புஸ்ஸி ரயட்' என்ற பங்க் இசைக்குழுவைச் சேர்ந்தவர்கள். அந்த வருடம் பெப்ரவரியில் குழுவினர் மீட்பர் கிறிஸ்து பேராலயத்துக்குள் நிறநிறமான முகமூடிகளோடு போய், புட்டினை விரட்டிவிடச் சொல்லி மாதாவிடம் கேட்கிற மாதிரியான பாட்டொன்றுக்கு ஆடினார்கள். ஒரு நிமிடத்துக்குள் காவலர்கள் வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவ்வளவுதான் நடந்தது.

அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றத்தின் பெயரை ஆங்கில ஊடகங்கள் 'ஹூலிகனிசம்' என்று எழுதின. 'மத வெறுப்பால் தூண்டப்பட்ட ஹூலிகனிசம்' என்பது முழுப்பெயர். வாசித்த கனபேருக்குக் குழப்பமாக இருந்திருக்கும். ஆங்கிலத்தில் ஹூலிகன் என்றால் உதைபந்தாட்ட மைதானத்தில் குடித்துவிட்டுக் கதிரை எறிகிறவன். அந்தச் சொல்லுக்கும் தேவாலயத்தில் பாடின பெண்களுக்கும் என்ன தொடர்பு?

ரஷ்ய மொழி பேசுகிற ஒருவருக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. தண்டனை அநியாயம் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல் அவருக்குப் புதிது இல்லை. சின்ன வயதில் அவருடைய அம்மாவே அவரை அப்படிக் கூப்பிட்டிருப்பா.

ஆங்கிலத்தில் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்த இந்தச் சொல்லின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு சொல்லுக்குத் தெளிவான பொருள் இல்லாமல் இருப்பது அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கு எவ்வளவு வசதி என்பதை இதைவிட நன்றாகக் காட்டுகிற கதை குறைவு.

லண்டனில் இருந்து நெவ்ஸ்கி வீதிக்கு

'ஹூலிகன்' என்ற சொல் லண்டன் பத்திரிகைகளில் பரவலாகத் தெரியத் தொடங்கியது 1898 கோடைகாலத்தில். தெருவில் கூட்டமாகத் திரிந்து, ஆட்களை இடித்து, அடித்து, பொலிஸோடு சண்டை பிடித்த தொழிலாளர் வர்க்கப் பெடியளைக் குறிக்கப் பத்திரிகைகள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன. இது அயர்லாந்துக் குடும்பப் பெயரொன்றிலிருந்து வந்தது என்பார்கள். தெற்கு லண்டனில் பற்றிக் ஹூலிகன் என்று ஒரு சண்டியன் இருந்தான், அவனுடைய பெயர்தான் இது என்று 1899இல் கிளாரன்ஸ் றூக் என்பவர் தன் புத்தகத்தில் எழுதினார். அதை உறுதிப்படுத்த ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

லண்டன் செய்திகளை ரஷ்யப் பத்திரிகைகளுக்கு எழுதியவர்கள் வழியாகச் சில வருடங்களிலேயே இந்தச் சொல் சென் பீற்றர்ஸ்பேர்க்குக்குப் போய்விட்டது. அங்கே அது 'ஹுலிகான்' ஆனது, அழுத்தம் கடைசி அசையில். இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிறமொழிச் சொற்களில் வருகிற 'ஹ' ஒலியை ரஷ்யர்கள் பெரும்பாலும் 'க' ஒலியாகத்தான் எழுதுவார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர்களுக்குக் 'காம்லெட்'. ஹிட்லர் 'கிட்லெர்'. ஆனால் இந்தச் சொல் மட்டும் 'குலிகான்' ஆகவில்லை. ரஷ்ய மொழியில் ஏற்கெனவே 'ஹுலா' என்றொரு பழைய சொல் இருந்தது. நிந்தனை, பழித்துப் பேசுதல், தெய்வ நிந்தனை என்றெல்லாம் அதற்குப் பொருள். இரண்டுக்கும் பிறப்பில் ஒரு உறவும் இல்லை. ஆனாலும் ரஷ்யக் காதுக்கு 'ஹுலிகான்' முழு அந்நியமாகக் கேட்காததற்கு இந்த ஒலி ஒற்றுமையும் உதவியிருக்கும்.

சொல் போய்ச் சேர்ந்த நகரத்தையும் பார்க்க வேண்டும். 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகு கிராமத்து ஆட்கள் தொழிற்சாலை வேலை தேடித் தலைநகரத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். 1897 கணக்கெடுப்பில் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்தவர்கள் ஏறத்தாழ 12½ இலட்சம் பேர். 1914இல் அது 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு அறைக்குள் பத்துப் பேர் படுக்கிற சேரிகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் இளம் தொழிலாளர்கள் நகரத்தின் நடுப்பகுதிக்கு வருவார்கள். நெவ்ஸ்கி வீதியில் தொப்பியும் கையுறையும் போட்டு உலாவுகிற கனவான்களும் சீமாட்டிகளும் முதல்முறையாக இவர்களோடு தோள் உரச நடக்க வேண்டி வந்தது.

அந்தக் காலத்துப் பத்திரிகைகள் 'ஹுலிகான்' செயல்கள் என்று எதையெல்லாம் பட்டியலிட்டன தெரியுமோ? தூஷணம் கதைப்பது, வழிவிடாமல் நிற்பது, பெண்களைப் பார்த்து விசிலடிப்பது, குடித்துவிட்டுக் கத்துவது, கண்ணாடி உடைப்பது, வழிப்பறி, கத்திக்குத்து. பாருங்கோ, வழிவிடாமல் நிற்பதும் கத்தியால் குத்துவதும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டன. கத்திக்குத்துக்கும் வழிப்பறிக்கும் ஏற்கெனவே சட்டத்தில் பெயர் இருந்தது. புதுச் சொல் தேவைப்பட்டது மற்றதுகளுக்குத்தான், அதாவது மரியாதைப்பட்ட ஆட்களுக்கு மரியாதை தராமல் விடுகிற செயல்களுக்கு.

1905 புரட்சி வந்தபோது சொல் இன்னும் இழுபட்டது. யூதர்களைத் தாக்கிய 'கறுப்பு நூற்றுவர்' கும்பல்களை இடதுசாரிகளும் தாராளவாதிகளும் ஹுலிகான்கள் என்றார்கள். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களையும் புரட்சிக்காரரையும் வலதுசாரிகள் அதே சொல்லால் ஏசினார்கள். சில வருடங்களுக்குப் பிறகு, முகத்தில் சாயம் பூசி மேடையேறி பழைய இலக்கியத்தைக் கிண்டலடித்த எதிர்காலவாதக் கவிஞர்களுக்கும் விமர்சகர்கள் அந்தப் பட்டத்தைக் கொடுத்தார்கள்.

சட்டவியலாளர்கள் கேட்ட கேள்வி

1912 அளவில் கிராமங்களிலும் ஹுலிகான்களின் தொல்லை கூடிவிட்டது என்று நிலவுடைமையாளர்கள் முறையிடத் தொடங்கினார்கள். சார் அரசின் உள்துறை அமைச்சு, இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவர முயன்றது. அதற்காக மாகாண ஆளுநர்களிடம் கருத்துக் கேட்டது.

அப்போது சட்டவியலாளர்கள் பலர் ஒரு நேரான கேள்வியைக் கேட்டார்கள். இந்தக் குற்றத்துக்கு வரைவிலக்கணம் என்ன? மரக்கிளையை முறிப்பது, பாதிரியாரைப் பார்த்துச் சிரிப்பது, வீட்டுக்கு நெருப்பு வைப்பது எல்லாம் ஒரே குற்றம் என்றால், அந்தக் குற்றத்தின் சாரம் எது? செயலைத் தண்டிக்கிறோமா, செய்தவனின் மனப்பாங்கைத் தண்டிக்கிறோமா? யாருக்கும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. விவாதம் முடிய முன்னமே 1914இல் உலகப்போர் வந்துவிட்டது.

சார் காலத்தில் முடிக்கப்படாத அந்த வேலையை முடித்து வைத்தது சார் ஆட்சியைக் கவிழ்த்தவர்கள்தான்.

புரட்சி அரசு எடுத்துக்கொண்ட சொல்

1918 மே மாதத்தில் புரட்சிகர நீதிமன்றங்கள் பற்றி வந்த ஆணையில், அவை விசாரிக்க வேண்டிய குற்றங்களின் வரிசையில் இலஞ்சம், உளவு பார்த்தல் ஆகியவற்றோடு 'ஹுலிகான்ஸ்த்வோ'வும் இருந்தது. 1922இல் சோவியத் ரஷ்யாவின் முதலாவது தண்டனைச் சட்டக்கோவை வந்தது. அதன் 176ஆம் பிரிவு ஹுலிகான்ஸ்த்வோவுக்கு ஒரு வரைவிலக்கணம் சொன்னது. சுருக்கமாகச் சொன்னால், தனி ஆட்களுக்கோ முழுச் சமூகத்துக்கோ வெளிப்படையாக அவமரியாதை காட்டுகிற, நோக்கமற்ற, குழப்படியான செயல்கள்.

இதை ஒருக்கால் நிறுத்தி யோசிக்க வேண்டும். களவுக்கு ஒரு பொருள் போக வேண்டும். அடிதடிக்கு ஒருவருக்குக் காயம் வர வேண்டும். ஆனால் இந்தக் குற்றத்தின் மையத்தில் இருப்பது 'அவமரியாதை'. அதை அளக்கத் தராசு எதுவும் இல்லை. சமூகம் அவமதிக்கப்பட்டதா என்று சமூகத்தைக் கேட்கவும் முடியாது. சமூகத்தின் சார்பில் பதில் சொல்லப்போவது பொலிஸும் வழக்குத்தொடுநரும்தான்.

அதே காலத்தில் கலைஞர்கள் சிலர் இந்தச் சொல்லை ஆசையோடு எடுத்துத் தங்களுக்குச் சூடிக்கொண்டார்கள். 1918இல் வந்த 'சீமாட்டியும் ஹுலிகானும்' என்ற மௌனப்படத்தில் கவிஞர் மாயகோவ்ஸ்கி ஹுலிகானாக நடித்தார். கவிஞர் யெசெனின் 1920இல் 'ஒரு ஹுலிகானின் வாக்குமூலம்' என்ற கவிதையை எழுதினார். கட்டுக்கு அடங்காதவன், முகமூடி இல்லாதவன் என்று ஒரு கவர்ச்சி அந்தச் சொல்லில் ஏறிவிட்டது. 1925 டிசம்பரில் யெசெனின் இறந்தபின் இளைஞர்கள் அவரைக் கொண்டாடத் தொடங்கியதும் கட்சிக்கு அது பிடிக்கவில்லை. குடி, விரக்தி, ஹுலிகான்தனம் மூன்றையும் சேர்த்து 'யெசெனின்தனம்' என்று பெயர் வைத்துத் தாக்கினார்கள். 1927 தொடக்கத்தில் புகாரின் எழுதிய கட்டுரை அதில் முக்கியமானது.

1926 ஓகஸ்டில் லெனின்கிராட்டின் சூபரொவ் சந்துக்குப் பக்கத்தில் ஒரு இளம் பெண்ணை ஒரு பெரிய கும்பல் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியது. நாடே கொதித்தது. அந்தச் சம்பவம் ஹுலிகான்களுக்கு எதிரான பெரும் பிரசாரத்தோடு இணைக்கப்பட்டது. ஆனால் வழக்கு நடந்தது கொள்ளைக் கும்பலுக்கு எதிரான சட்டப்பிரிவின் கீழ், ஏனென்றால் மரண தண்டனை விதிக்க அந்தப் பிரிவுதான் வழிவிட்டது. தண்டனைக்கு ஏற்ற மாதிரிக் குற்றத்தின் பெயரைத் தேடுகிற பழக்கம் அங்கேயும் தெரிகிறது. கொடுமையான குற்றம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படியொரு கொடுமையையும் ஒரு பெடியன் தெருவில் தூஷணம் கதைத்ததையும் ஒரே பிரசாரத்துக்குள் கொண்டுவர ஒரு சொல்லால் முடிந்தது.

1940 ஓகஸ்ட் 10ஆம் திகதி வந்த ஆணை, வேலைத்தளத்திலோ பொது இடத்திலோ ஹுலிகான்ஸ்த்வோ செய்தால் ஒரு வருடச் சிறை என்றது. ஸ்டாலின் இறந்தபின் ஆட்சி கொஞ்சம் இளகியது. 1956 டிசம்பர் 19ஆம் திகதி 'சிறு ஹுலிகான்ஸ்த்வோ' என்று ஒரு புது வகை வந்தது. மூன்றிலிருந்து பதினைந்து நாள் வரை தடுப்புக்காவல், தெரு கூட்டுதல், கட்டட வேலை. டிசம்பர் மாத ஆணையால் பிடிபட்டவர்கள் என்பதால் சனம் இவர்களுக்கு 'டிசம்பரிஸ்டுகள்' என்று பட்டம் வைத்தது. 1825 டிசம்பரில் சாருக்கு எதிராகக் கிளர்ந்த பிரபுக்களின் பெயர் அது. நூறு வருடத்துக்கு மேல் மரியாதையோடு சொல்லப்பட்ட பெயரைக் குடித்துவிட்டுச் சண்டை பிடித்தவர்களுக்கு வைத்துச் சிரித்தார்கள்.

1965இல் வந்த கைடாயின் 'ஒப்பரேஷன் ஈ' என்ற நகைச்சுவைப் படத்தைச் சோவியத் நாடே பார்த்தது. அதன் முதல் கதையில் பஸ்ஸில் சண்டித்தனம் காட்டுகிற பெரிய உடம்புக்காரன் ஒருவனுக்குப் பதினைந்து நாள் தண்டனை கிடைக்கிறது. அவன் சண்டை பிடித்த அதே மாணவனோடு கட்டட வேலை செய்ய அனுப்பப்படுகிறான். மிச்சம் எல்லாம் பகிடிதான். ஹுலிகான் இப்போது பயப்பட வேண்டிய ஆள் இல்லை, பார்த்துச் சிரிக்கக்கூடிய ஆள்.

வீட்டுக்குள் ஹுலிகான்

இப்படித்தான் சொல் வீட்டுக்குள்ளும் வந்தது. இன்றைக்கு ரஷ்ய மொழி பேசுகிற ஒரு தாய், சோபாவில் ஏறிக் குதிக்கிற மூன்று வயதுப் பிள்ளையைச் செல்லமாக 'ஹுலிகான்' என்பாள். பெண்பிள்ளை என்றால் 'ஹுலிகான்கா'. எங்கட பேச்சில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: குழப்படிக்காரன், குழப்படிக்காரி. 'ஹுலிகானித்' என்று ஒரு வினைச்சொல்லும் உண்டாகிவிட்டது. குழப்படி செய்வது என்று பொருள். ஆரோ ஆட்களுக்குச் சும்மா போன் எடுத்துத் தொல்லை தருவது 'தொலைபேசி ஹுலிகான்ஸ்த்வோ'. விமானத்தைத் தாழப் பறக்கவிட்டு விளையாட்டுக் காட்டுவது 'ஆகாய ஹுலிகான்ஸ்த்வோ'.

அதே மொழியில், அதே நாளில், அதே சொல் கொலை வழக்கிலும் வரும். ரஷ்யத் தண்டனைச் சட்டத்தின் 105ஆம் பிரிவில், 'ஹுலிகான் நோக்கங்களால்' செய்யப்பட்ட கொலை மோசமான கொலை வகைகளில் ஒன்று. தனிப்பட்ட பகையோ லாபமோ இல்லாமல் கொல்வதை அது குறிக்கும். செல்லப் பேச்சுக்கும் ஆயுள் தண்டனைக்கும் ஒரே வேர்ச்சொல்.

மொழிபெயர்ப்பாளர்கள் இங்கேதான் மாட்டுப்படுகிறார்கள். 'ஹுலிகான்' என்ற ரஷ்யச் சொல்லை 'ஹூலிகன்' என்ற ஆங்கிலச் சொல்லால் பெயர்த்தால் எழுத்தெல்லாம் சரியாக இருக்கும், பொருள் பிழைத்துவிடும். 1970களுக்குப் பிறகு ஆங்கிலத்தில் இந்தச் சொல் உதைபந்தாட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. 1985இல் பிரசல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்ததோடு அந்த ஒட்டு இன்னும் இறுகியது. ரஷ்யச் சொல்லோ ஒருபக்கம் குழந்தையிடமும் மற்றப்பக்கம் நீதிமன்றத்திடமும் போய்விட்டது.

தமிழில் எங்களுக்கும் இப்படியொரு சொல் இருக்கு. 'ரவுடி' ஆங்கிலத்திலிருந்து வந்தது. அங்கே இன்றைக்கு அது பெரும்பாலும் 'சத்தம் சந்தடியான' என்ற அளவில் ஒரு பெயரடை. எங்களிடம் அது ஒரு ஆளின் பெயர். தென்னிந்தியாவின் சில மாநிலங்களில் பொலிஸார் 'ரவுடி ஷீட்' என்று பதிவேடே வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் சினிமாவில் கதாநாயகியே கதாநாயகனைச் செல்லமாக ரவுடி என்பாள். ஆனாலும் ரவுடித்தனம் என்ற பெயரில் ஒரு பாட்டுக்காரியை இரண்டு வருடம் சிறையில் வைக்கலாம் என்றால் நாங்கள் சிரிப்போம். ரஷ்யாவில் அது நடந்தது.

பல்கனியில் பதாகை, சதுக்கத்தில் விமானம்

பகிடியான பக்கம் வளர்ந்துகொண்டிருந்த அதே வருடங்களில் மற்றப்பக்கமும் வளர்ந்தது. 1960இல் வந்த புதிய சட்டக்கோவையின் 206ஆம் பிரிவு, பொது ஒழுங்கை மோசமாகக் குலைத்துச் சமூகத்துக்கு வெளிப்படையான அவமரியாதை காட்டுவது என்று ஹுலிகான்ஸ்த்வோவை வரையறுத்தது. 'வன்மமான' வகைக்குத் தண்டனை இன்னும் கூட.

1978 ஜூனில், இஸ்ரேலுக்குப் போக அனுமதி கேட்டு வருடக்கணக்காக மறுக்கப்பட்ட இரண்டு யூதக் குடும்பத்தவர்கள் மொஸ்கோவில் தங்கள் வீட்டுப் பல்கனியில் பதாகை கட்டினார்கள். இடா நூடெல் தன் பதாகையில் கேஜிபியிடம் விசா கேட்டிருந்தார். விளாதிமிர் ஸ்லெபாக்கும் மனைவியும் மகனிடம் போக விடச்சொல்லிக் கேட்டிருந்தார்கள். நூடெலுக்கு நான்கு வருடம், ஸ்லெபாக்குக்கு ஐந்து வருடம் நாட்டுக்குள்ளேயே தூர இடத்துக்கு நாடுகடத்தல். குற்றம்: வன்மமான ஹுலிகான்ஸ்த்வோ.

அரசியல் குற்றம் என்று சொன்னால் அந்த ஆளுக்கு ஒரு கருத்து இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டி வரும். ஹுலிகான் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. ஹுலிகானுக்குக் கருத்து கிடையாது, கெட்ட பழக்கம் மட்டும்தான். பல்கனியில் பதாகை கட்டிய பெண்ணும் பஸ்ஸில் சண்டை பிடித்த குடிகாரனும் ஒரே வகை ஆகிவிடுவார்கள்.

1987 மே 28ஆம் திகதி மத்தியாஸ் ரூஸ்ட் என்ற 18 வயது மேற்கு ஜேர்மன் பெடியன் ஹெல்சிங்கியிலிருந்து ஒரு சின்ன செஸ்னா விமானத்தில் புறப்பட்டு, சோவியத் வான் பாதுகாப்பு எல்லாவற்றையும் கடந்து வந்து செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்தில் இறக்கினான். பாதுகாப்பு அமைச்சரின் பதவியே போனது. நீதிமன்றம் அவனுக்கு நான்கு வருடம் விதித்தது. குற்றச்சாட்டுகளில் எல்லையைச் சட்டவிரோதமாகக் கடந்ததும் பறப்பு விதிகளை மீறியதும் இருந்தன. கூடவே ஹுலிகான்ஸ்த்வோவும். அடுத்த வருடம் விடுவித்து அனுப்பிவிட்டார்கள்.

சோவியத் போனது, சொல் போகவில்லை

1996ஆம் ஆண்டின் புதிய தண்டனைச் சட்டக்கோவையில் ஹுலிகான்ஸ்த்வோ 213ஆம் பிரிவானது. 2003இல் அதைச் சுருக்கினார்கள்: ஆயுதமோ ஆயுதமாகப் பயன்படுத்திய பொருளோ இருந்தால்தான் குற்றவியல் வழக்கு. நல்ல திருத்தம்தான். ஆனால் 2007இல் இன்னொரு கதவு திறந்தது. அரசியல், இன, மத வெறுப்பு நோக்கம் இருந்தால் ஆயுதம் இல்லாமலும் வழக்குப் போடலாம். புஸ்ஸி ரயட் மாட்டுப்பட்டது அந்தக் கதவால்தான். பாட்டில் இருந்த அரசியலை நீதிமன்றம் ஏற்கவில்லை, மத வெறுப்பு என்றுதான் தீர்ப்பு வந்தது. மூவரில் ஒருவரின் தண்டனை அதே வருடம் ஒக்டோபரில் ஒத்திவைக்கப்பட்டு அவர் வெளியே வந்தார். 2018இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், இந்த வழக்கில் ரஷ்யா கருத்துச் சுதந்திரம் உட்பட்ட உரிமைகளை மீறியது என்று தீர்ப்பளித்தது.

2013 செப்டெம்பரில் ஆர்க்டிக் கடலில் எண்ணெய் மேடையொன்றில் ஏற முயன்ற கிறீன்பீஸ் ஆர்வலர்களின் கப்பலை ரஷ்யப் படையினர் கைப்பற்றினார்கள். கப்பலில் இருந்த 30 பேருக்கும் முதலில் கடற்கொள்ளைக் குற்றச்சாட்டு, 15 வருடம் வரை சிறை. உலகம் சத்தம் போட்டதும் அடுத்த மாதம் குற்றச்சாட்டை மாற்றினார்கள். மாற்றி வைத்தது ஹுலிகான்ஸ்த்வோ, ஏழு வருடம் வரை. கடற்கொள்ளை என்றால் என்ன என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது, அதற்குள் இவர்களை அடக்க முடியவில்லை. ஹுலிகான்ஸ்த்வோவுக்குள் அடக்க முடிந்தது. டிசம்பரில் பொது மன்னிப்பு வந்து எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

2019 மார்ச்சில் இணையத்தில் அரசுக்கும் அரச சின்னங்களுக்கும் அநாகரிகமான முறையில் அவமரியாதை காட்டினால் 30,000 ரூபிளிலிருந்து ஒரு இலட்சம் ரூபிள் வரை தண்டம் என்று ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம், நிர்வாகக் குற்றச் சட்டத்தில் 'சிறு ஹுலிகான்ஸ்த்வோ' பற்றிய 20.1ஆம் பிரிவு. நெவ்ஸ்கி வீதியில் கனவானுக்கு வழிவிடாமல் நின்ற பெடியனுக்கு வைத்த பெயர், நூறு வருடத்துக்குப் பிறகு போனில் பதிவு போடுகிறவருக்கு வந்து சேர்ந்தது.

1912 அளவில் சட்டவியலாளர்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வராமல் இருந்ததுதான் இந்தச் சொல்லை இவ்வளவு காலமும் உயிரோடு வைத்திருக்கிறது. சார் போனான், சோவியத் போனது, சட்டக்கோவைகள் மாறின. ஒவ்வொரு ஆட்சிக்கும் 'எங்களுக்கு மரியாதை தரவில்லை' என்று சொல்ல ஒரு சட்டச் சொல் தேவைப்பட்டது, அது கையில் தயாராக இருந்தது. சட்டத்தில் ஒரு சொல் இழுபடத் தொடங்கினால் அது ஆர் ஆரைச் சுற்றும் எண்டு எங்கட நாட்டில வளர்ந்த ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே, ரஷ்யாவில் ஆரோ ஹூலிகனிசத்துக்காகக் கைது என்று இனி ஒரு செய்தி கண்டால், உதைபந்தாட்ட மைதானத்தை நினைக்காதீங்கோ. அந்த ஆள் உண்மையில் என்ன செய்தார், அதில் காயப்பட்டது ஆர் என்று செய்தியின் உள்ளே தேடிப் பாருங்கோ. சில வேளை உடைந்த கண்ணாடியும் அடிபட்ட ஒருவரும் இருப்பார்கள். சில வேளை ஒரு பாட்டோ ஒரு பதாகையோ மட்டும்தான் இருக்கும்.